ஒன்ராறியோவில் கல்விச் சபைத் தேர்தலில் நிற்க நினைக்கும் ஒரு தாய்க்கு

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபுறோப் பகுதியில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார். இரண்டு பிள்ளைகளும் படிக்கும் பாடசாலையின் பெற்றோர் மன்றத்தில் சில காலம் இயங்கிவரும் அவர், ரொறன்ரோ கல்விச் சபைக்கு உறுப்பினராகப் போட்டியிடலாமா என்று யோசிக்கிறார். எல்லோரும் ‘ட்ரஸ்டி’ என்று சொல்லும் அந்தப் பதவியால் உண்மையில் என்ன செய்ய முடியும், தேர்தலுக்கு எவ்வளவு பணம் வேண்டும், தமிழர்களான நம்மவர்களின் வாக்கு மட்டும் போதுமா, தாம் பாடசாலையில் மதிய உணவு நேர மேற்பார்வையாளராகப் பகுதிநேரம் வேலை செய்வது தடையாகுமா என்பவை அவருடைய கேள்விகள். வேட்பாளர்கள் சிலருக்குக் கணக்கு வழக்குகளைப் பார்த்துக் கொடுத்தவன் என்ற முறையிலும், சபைக் கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்து வருபவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை விரிவாக எழுதுகிறேன்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில் தவறினால் மற்றவை எல்லாம் வீணாகிவிடும். ஒன்ராறியோவில் எந்தக் கல்விச் சபையில் வேலை செய்பவராக இருந்தாலும், அது வாரத்துக்குச் சில மணி நேர வேலையே ஆனாலும், வேட்புமனுவைக் கொடுப்பதற்கு முன்பே சம்பளமற்ற விடுப்பு எடுத்திருக்க வேண்டும். வென்றால் அந்த வேலையை விட்டுவிட வேண்டும். வேறு சபையில்தானே வேலை செய்கிறேன், அதே சபையில் போட்டியிடவில்லையே என்று வாதிட முடியாது. சட்டம் மாகாணத்தின் எல்லாச் சபைகளின் ஊழியர்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகவே உங்கள் வேலை போட்டிக்குத் தடையன்று, ஆனால் விடுப்புக் கடிதம் எழுத்தில் உறுதியான பின்னரே நீங்கள், தேர்தலை நடத்தும் நகரசபை அதிகாரியான கிளார்க்கின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அந்தச் சிறிய வருமானம் குடும்பத்துக்கு எவ்வளவு தேவை என்பதையும் இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள். உறுப்பினர்களுக்குக் கிடைப்பது சம்பளம் அன்று, மதிப்பூதியம். பெரிய சபைகளில்கூட அதை நம்பி ஒருவர் வாழ முடியாது.

இனி, பதவியின் அதிகாரம். தேர்தலில் நிற்கும் நம்மவர்களில் பலர் இதைச் சரியாக அறியாமலே வாக்குறுதி கொடுத்துவிடுகிறார்கள். 1998 ஜனவரி முதலாம் திகதி ஸ்காபுறோ, நோர்த் யோர்க், எற்றோபிக்கோ முதலியவற்றின் தனித்தனிச் சபைகள் ஒன்றாக்கப்பட்டு இன்றைய ரொறன்ரோ மாவட்டக் கல்விச் சபை உருவானது. அதையொட்டி வந்த மாற்றம் அதைவிடப் பெரியது: அதுவரை உள்ளூரில் கல்வி வரியின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை சபைகளிடம் இருந்தது, அது மாகாண அரசின் கைக்குப் போய்விட்டது. இன்று சபைக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி மாணவர் எண்ணிக்கையையும் வேறு சில கணக்குகளையும் வைத்து ரொறன்ரோவின் குயின்ஸ் பார்க்கில் இயங்கும் மாகாண அரசால் ஒதுக்கப்படுகிறது. பாடத்திட்டத்தை எழுதுவது கல்வி அமைச்சு. ஆசிரியர் சம்பளம் போன்ற பெரிய விடயங்கள் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண மட்டத்திலேயே பேசி முடிக்கப்படுகின்றன. இவற்றில் எதையும் மாற்றித் தருவேன் என்று ஓர் உறுப்பினர் வாசலில் நின்று சொன்னால், அது நிறைவேற்ற முடியாத வாக்கு.

அப்படியானால் சபையிடம் மிஞ்சுவது என்ன? கொஞ்சம் அன்று. கல்விப் பணிப்பாளரைத் தேர்ந்து நியமிப்பதும் அவருடைய வேலையை ஆண்டுதோறும் மதிப்பிடுவதும் உறுப்பினர்களின் பொறுப்பு. பல ஆண்டுகளுக்கான திட்டத்தை வகுப்பது, வந்த பணத்தை எங்கே கூட்டி எங்கே குறைத்துச் செலவிடுவது என்று வரவு செலவுத் திட்டத்தில் தீர்மானிப்பது, பாடசாலை எல்லைகளை மாற்றுவது, பாடங்களைப் பிரெஞ்சிலேயே கற்பிக்கும் பிரெஞ்சு மூழ்கல் வகுப்பையோ கலைக்கான சிறப்புப் பிரிவையோ எந்தப் பாடசாலையில் வைப்பது என்று முடிவு செய்வது, மாணவர் போக்குவரத்து, பாடசாலைக் கட்டடங்களை வெளியாருக்கு வாடகைக்குக் கொடுப்பது, சபையின் கொள்கைகளை எழுதுவது எல்லாம் அவர்கள் மேசைக்கு வருபவை. ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் மாணவர்களும் ஏறத்தாழ 580 பாடசாலைகளும் கொண்ட, கனடாவின் மிகப் பெரிய சபையில் இவை சிறிய முடிவுகள் அல்ல. ஆனால் அந்த முடிவை நீங்கள் தனியாக எடுப்பதில்லை. 2022 தேர்தலில் 22 தொகுதிகளிலிருந்து 22 பேர் வந்தார்கள். அப்படிப் பலரில் உங்கள் கை ஒன்று. சபை ஒரு முடிவை நிறைவேற்றிய பிறகு, நீங்கள் எதிர்த்து வாக்களித்திருந்தாலும், அது நடைமுறைக்கு வருவதற்குத் துணைநிற்க வேண்டும் என்று கல்விச் சட்டம் ஒவ்வோர் உறுப்பினரையும் பணிக்கிறது. அன்றாட நிர்வாகத்தைப் பணிப்பாளரிடமும் அவருடைய ஊழியர்களிடமும் விட்டுவிட வேண்டும் என்றும் சொல்கிறது. ஒரு பாடசாலை அதிபரைக் கூப்பிட்டு இந்தப் பிள்ளையை அந்த வகுப்புக்கு மாற்றுங்கள் என்று உத்தரவிடும் அதிகாரம் உறுப்பினருக்குக் கிடையாது. நம் சமூகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்றால் ஒரு தொலைபேசி அழைப்பில் காரியத்தை முடித்துத் தருபவர் என்ற எதிர்பார்ப்பு ஆழமாக இருப்பதால், இதை வாக்காளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

தமிழ் வகுப்பை எடுத்துக்கொள்வோம். எங்கள் பகுதிப் பாடசாலையில் தமிழ் வகுப்பு தொடங்கித் தருவீர்களா என்று உங்களிடம் நிச்சயம் கேட்பார்கள். ஆம் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது எளிது. ஆனால் ஒன்ராறியோவில் ஒரு சபைக்குள் 23 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களின் பெற்றோர் எழுத்தில் கேட்டால், ஆரம்ப வகுப்புகளுக்கான சர்வதேச மொழித் திட்டத்தின் கீழ் அந்த மொழியைக் கற்பிக்க அந்தச் சபை ஏற்பாடு செய்ய வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே பெற்றோருக்கு முதலில் வேண்டியது அந்த 23 குடும்பங்களை ஒன்று சேர்க்கும் ஒருவர். அதன்பின் வகுப்பு எந்த நாளில், எந்தக் கட்டடத்தில், வீட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் நடக்கும் என்பதற்காகச் சபையில் குரல் கொடுக்கும் ஓர் உறுப்பினர் வேண்டும். இந்த விதியை அறிந்த வேட்பாளர் வாசலில் நிற்கும்போது பெற்றோருக்கு அப்போதே ஒரு வழியைக் காட்டிவிட்டு நகர்கிறார். தோற்றாலும் அந்த உதவி வீணாவதில்லை.

அதிகம் பேசப்படாத, ஆனால் என் கணிப்பில் இந்தப் பதவியின் மிகக் கனமான பொறுப்பு ஒன்று இருக்கிறது. ஒரு மாணவரைப் பாடசாலையிலிருந்து நீக்க அதிபருக்கு அதிகாரமில்லை. அவர் இடைநிறுத்தலாம், விசாரிக்கலாம், நீக்கப் பரிந்துரைக்கலாம், முடிவெடுப்பது சபை. உறுப்பினர்களில் குறைந்தது மூவர் கொண்ட குழு அதற்காக அமர்கிறது. இரு தரப்பும் வேறு காலக்கெடுவுக்கு ஒத்துக்கொண்டால் அன்றி, இடைநிறுத்தம் தொடங்கிய 20 பாடசாலை நாட்களுக்குள் முடிவாக வேண்டும். மேசையின் ஒரு பக்கம் அதிபரும் சபையின் சட்டத்தரணியும் தடித்த கோப்போடு அமர்ந்திருப்பார்கள். மறுபக்கம் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்த ஒரு தாயும் பேசாமல் குனிந்திருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையும் இருப்பார்கள். பெற்றோருக்கு ஆங்கிலத்தில் தடங்கல் இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாமலிருக்கலாம். அந்த அறையில் அமரும் மூவர் கேட்கும் கேள்விகளைப் பொறுத்து ஒரு பிள்ளையின் அடுத்த சில ஆண்டுகள் அமையும். அந்தப் பிள்ளை உங்கள் இனத்தவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரால் அடிபட்ட இன்னொரு பிள்ளையின் பாதுகாப்பும் உங்கள் கையில்தான் இருக்கும். இந்த வேலையைச் செய்ய மனமும் பொறுமையும் உண்டா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். உண்டு என்றால், நீங்கள் நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

உறுப்பினர்கள் தங்கள் கடமையில் தவறினால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் யோர்க் பிராந்தியக் கல்விச் சபையின் உறுப்பினர் ஒருவர் ஒரு கறுப்பினத் தாயைப் பற்றி இழிசொல் ஒன்றைப் பயன்படுத்தினார். சபை அதைக் கையாண்ட விதத்தைக் கண்டு கொதித்த பெற்றோர் கூட்டங்களுக்குத் திரண்டு வந்தார்கள். 2017 பெப்ரவரியில் அந்த உறுப்பினர் பதவி விலகினார். அமைச்சு நியமித்த ஆய்வாளர்கள் இனவாதக் குற்றச்சாட்டுகளோடு நின்றுவிடாமல் சபையின் ஆளுகை முழுவதையும் ஆராய்ந்தார்கள். அமைச்சு அந்தச் சபைக்கு விரிவான பணிப்புரைகளை வழங்கியது. அப்போதைய கல்விப் பணிப்பாளரும் விலகினார். அங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தவர்கள் கூட்டம் தவறாமல் வந்து, குறிப்பெடுத்து, மனுக் கொடுத்துப் பேசிய பெற்றோர்களே. தேர்தலுக்கு முன் நீங்கள் செய்யக்கூடிய மிகச் சிறந்த ஆயத்தமும் அதுதான்: சபைக் கூட்டங்களையும் குழுக் கூட்டங்களையும் தொடர்ந்து பாருங்கள், விசேட தேவைக் கல்விக்கான ஆலோசனைக் குழுவை முக்கியமாக. நிகழ்ச்சி நிரலோடு வெளியிடப்படும் ஊழியர் அறிக்கைகளை வாசிக்கப் பழகுங்கள். ஒரு முறையாவது மனுக் கொடுத்து, உங்களுக்கென ஒதுக்கப்படும் அந்தச் சில நிமிடங்களில் பேசிப் பாருங்கள்.

இப்போது மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று. 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ கல்விச் சபை, ரொறன்ரோ கத்தோலிக்கக் கல்விச் சபை உள்ளிட்ட நான்கு சபைகளை நிதி நிர்வாகத்தைக் காரணம் காட்டி மேற்பார்வையின் கீழ்க் கொண்டுவந்தது. மேற்பார்வையாளர் வந்ததும் முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் போய்விடுகிறது. மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் வெளியே நிற்கிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறிய 33-ஆம் இலக்கச் சட்டமூலம் அமைச்சர் இப்படித் தலையிடுவதை மேலும் எளிதாக்கியது. கல்வி அமைச்சர் போல் கலன்ட்ரா உறுப்பினர் பதவியையே நீக்குவது பற்றிப் பொது மேடைகளில் பேசினார். கத்தோலிக்கச் சபைகளுக்கும் பிரெஞ்சு மொழிச் சபைகளுக்கும் அரசியலமைப்புப் பாதுகாப்பு உண்டு. ஆங்கிலப் பொதுச் சபைகளுக்கு அது இல்லை. ஆதலால் நீங்கள் போட்டியிடும் பதவியின் எல்லைகள் மாறக்கூடியவை. வேட்புமனுவைக் கொடுக்கும் காலத்தில் உள்ள சட்டத்தை நகரசபைக் கிளார்க்கின் அலுவலகத்திலும் மாகாண அரசு வெளியிடும் வேட்பாளர் கையேட்டிலும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இதற்காகத் தயங்க வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். யாரும் போட்டியிட முன்வராத, போட்டியின்றித் தெரிவாகும் பதவியை நீக்குவது எந்த அரசுக்கும் சுலபம். மக்கள் போட்டி போட்டு, வாக்களித்து, கேள்வி கேட்கும் பதவியை நீக்குவது அவ்வளவு சுலபமன்று. உங்கள் பாடசாலையைப் பற்றிய முடிவை எடுப்பவரை உங்கள் தெருவில் கண்டு பேச முடிய வேண்டும் என்று நீங்கள் நம்பினால், அந்த நம்பிக்கையையே உங்கள் பரப்புரையின் முதல் வரியாக வைக்கலாம்.

தகுதிகள் எளியவை. கனேடியப் பிரஜையாகவும் 18 வயது நிறைந்தவராகவும் அந்தச் சபையின் எல்லைக்குள் வசிப்பவராகவும் அந்தச் சபைக்கு வாக்களிக்கும் உரிமை உள்ளவராகவும் இருக்க வேண்டும். நீங்கள் போட்டியிடும் தொகுதிக்குள்ளேயே வசிக்க வேண்டும் என்பதில்லை, வசித்தால் நல்லது. நகரசபை உறுப்பினர் பதவிக்குக் கேட்கப்படும் 25 பேரின் ஒப்புதல் கையொப்பம் இதற்குத் தேவையில்லை. கட்டணம் 100 டொலர். கணக்கை உரிய நாளில் ஒப்படைத்தால் அது திரும்பக் கிடைக்கும். தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒக்டோபர் மாதத்து நான்காவது திங்கட்கிழமை நகரசபைத் தேர்தலோடு சேர்ந்தே நடக்கும். 2022-இல் அது ஒக்டோபர் 24-ஆம் திகதி வந்தது.

இந்தத் தகுதியில் நம்மவர்கள் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ஒன்ராறியோவில் ஆங்கிலப் பொதுச் சபை, ஆங்கிலக் கத்தோலிக்கச் சபை, இவற்றுக்கு நிகரான இரண்டு பிரெஞ்சு மொழிச் சபைகள் என நான்கு வகை அரச உதவிச் சபைகள் இருக்கின்றன. ஒருவர் ஒரு சபைக்கு மட்டுமே வாக்களிக்கலாம். எதுவும் சொல்லாதவர் ஆங்கிலப் பொதுச் சபையின் ஆதரவாளராகவே பதியப்படுவார். கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்கவும் நிற்கவும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும், அதற்கான பதிவும் இருக்க வேண்டும். கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகள் எல்லா மதத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தவை என்பதால் சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். ஆயினும் அவர்களுடைய பெற்றோரின் வாக்கு பொதுச் சபைக்குத்தான். மறுபுறம், பிள்ளைகளைக் கத்தோலிக்கப் பாடசாலைக்கு அனுப்பும் தமிழ்க் கத்தோலிக்கர் சிலர், வீடு வாங்கியபோதோ மாறியபோதோ அந்தப் பதிவைச் செய்யாமல் விட்டு, தேர்தல் நாளில் வேறு சபையின் வாக்குச் சீட்டைக் கையில் வாங்கித் திகைக்கிறார்கள். முதலில் உங்கள் சொந்தப் பதிவைச் சரிபாருங்கள். பிறகு ஒவ்வொரு வாசலிலும், இவர் எந்தச் சபையின் வாக்காளர் என்பதை அறிந்துகொண்டு பேசத் தொடங்குங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு வாக்களிக்கவே முடியாத ஒருவரோடு பத்து நிமிடம் செலவாகிவிடும்.

நம்மவர்களின் வாக்கு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, போதாது என்பதே என் பதில். தமிழர் அடர்ந்து வாழும் ஸ்காபுறோத் தொகுதிகளிலும் பக்கத்து மார்க்கம் நகரின் கிழக்குப் பகுதியிலும் தமிழ் வாக்கு ஒரு வலிமையான தொடக்கம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாடசாலை விடயத்தில் மிகுந்த அக்கறை காட்டும் இளம் பெற்றோர் பலர் இன்னும் நிரந்தர வதிவிட உரிமையோடு மட்டும் இருப்பவர்கள். பிரஜாவுரிமை இல்லாமல் வாக்களிக்க முடியாது. வாக்குரிமை உள்ள மூத்தவர்களோ, பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், எனக்கென்ன என்று இருந்துவிடுகிறார்கள். 2022-இல் ரொறன்ரோவில் வாக்களித்தோர் முப்பது வீதத்துக்கும் குறைவு. வந்தவர்களிலும் பலர் நகர முதல்வரையும் நகரசபை உறுப்பினரையும் தெரிவு செய்துவிட்டு, கல்விச் சபைப் பகுதியில் உள்ள பெயர்களில் எதையும் அறியாததால் அதை வெறுமையாக விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தத் தேர்தலில் நகரசபைத் தொகுதிகள் 25, கல்விச் சபைத் தொகுதிகள் 22, கத்தோலிக்கச் சபைத் தொகுதிகள் 12 என்று எல்லைகளும் இலக்கங்களும் வேறுபட்டது குழப்பத்தைக் கூட்டியது. இங்கே உங்களுக்கு எதிராக நிற்கும் பெரிய போட்டியாளர் அந்த வெறுமையான இடம்தான். அப்படி ஒரு பதவி இருக்கிறது, அதற்கு நீங்களும் வாக்களிக்கலாம், என் பெயர் இது என்ற மூன்று செய்திகளையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடிய வேட்பாளர், கொள்கை விளக்கத்தை நான்கு பக்கத்தில் அச்சிட்டவரை முந்திவிடுகிறார்.

ஆகவே தமிழ்ப் பெயர்கள் உள்ள கதவுகளை மட்டும் தேர்ந்து தட்டும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். பிலிப்பீனிய, சீன, கயானிய, சோமாலிய, பஞ்சாபிப் பெற்றோரின் கவலை உங்கள் கவலையிலிருந்து வேறன்று: விசேட தேவையுள்ள பிள்ளைக்குத் துணை ஆசிரியர் போதவில்லை, பாடசாலைப் பேருந்து நேரத்துக்கு வருவதில்லை, வகுப்பறைக்குப் பதிலாக வெளியே வைத்த தற்காலிக அறையில் பிள்ளை படிக்கிறது, கோடையில் மாடி வகுப்புகள் கொதிக்கின்றன. அடுக்குமாடிக் கட்டடங்களை அஞ்சி ஒதுக்காதீர்கள். வாடகைக் கட்டடமோ கொண்டோவோ, காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை வேட்பாளரும் அவருடைய பிரதிநிதிகளும் உள்ளே சென்று கதவு தட்டுவதைக் கட்டட நிர்வாகம் தடுக்க முடியாது என்று நகரசபைத் தேர்தல் சட்டம் சொல்கிறது. காவலாளி மறுத்தால் சண்டை போட வேண்டாம், அந்தச் சட்டப் பிரிவின் அச்சுப் பிரதியைக் காட்டி மேலாளரை அழைக்கச் சொல்லுங்கள். மார்க்கத்தில் 2003 முதலே இணைய வழி வாக்களிப்பு இருப்பதால், அங்கே நிற்பவர் வாசலில் பேசி முடித்ததும் அந்த வீட்டார் கைத்தொலைபேசியிலேயே வாக்களிக்கும் நாட்கள் உண்டு. ரொறன்ரோவில் மக்களை வாக்குச் சாவடிக்கு வரவழைக்க வேண்டும். அதற்கான தொண்டர் வேலையை முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். நல்ல மனிதர்கள் அறியாமையால் சிக்கிக்கொள்வது இங்கேதான் என்பதால் சற்று நீட்டியே சொல்கிறேன். செலவுக்கு உச்ச வரம்பு உண்டு: 5,000 டொலரோடு, தொகுதியின் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் 85 சதம் என்று கூட்டிக் கொள்ள வேண்டும். 60,000 வாக்காளர் உள்ள தொகுதியில் அது 56,000 டொலர் ஆகிறது. அவ்வளவு வேண்டுமா என்றால் வேண்டியதில்லை. தெளிவான ஒரு துண்டுப்பிரசுரம், ஓரளவு வீட்டு முற்றப் பதாகைகள், நாள்தோறும் மாலையில் நடக்கத் தயாரான ஒரு சிறு குழு இருந்தால் அதில் ஒரு பங்கில் நல்ல பரப்புரை செய்யலாம். எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைவிட எப்படிச் சேர்க்கிறோம் என்பதே முக்கியம். வேட்புமனுவைக் கொடுத்த நாளிலிருந்துதான் உங்கள் பரப்புரைக் காலம் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு டொலர் வாங்கவும் கூடாது, செலவிடவும் கூடாது. மனுக் கொடுத்ததும் தேர்தலுக்கென்று மட்டும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, வரவும் செலவும் அதன் வழியாகவே நடக்கச் செய்ய வேண்டும்.

ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 1,200 டொலருக்கு மேல் கொடுக்க முடியாது. கொடுப்பவர் ஒன்ராறியோவில் வசிக்கும் தனிமனிதராக இருக்க வேண்டும். நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கொடுக்கக் கூடாது. 25 டொலருக்கு மேற்பட்ட தொகையைக் காசாக வாங்கக் கூடாது. காசோலையாகவோ, யாரிடமிருந்து வந்தது என்று தடம் காட்டும் வேறு வழியிலோ வர வேண்டும். இவை கடினமான விதிகள் அல்ல, ஆனால் நம் சமூகத்தின் கொடுக்கல் வாங்கல் முறையோடு மோதுபவை. அச்சகம் நடத்தும் ஒரு நண்பர், உங்களிடம் காசு வாங்குவதா, ஐயாயிரம் பிரசுரம் நானே அடித்துத் தருகிறேன் என்பார். அது அன்பு, ஆனால் அந்த அச்சகம் பதிவு செய்யப்பட்ட நிறுவனம் என்றால் அது சட்டவிரோத நன்கொடை. உணவக உரிமையாளர் மண்டபத்தை இலவசமாகத் தருவதும், தமிழ் வானொலி ஒன்று விளம்பரத்தைக் கட்டணமின்றி ஒலிபரப்புவதும், ஊர்ச் சங்கம் தன் நிதியிலிருந்து ஒரு தொகையை எடுத்து நீட்டுவதும் அப்படியே ஆகிவிடலாம். பொருளாகவும் சேவையாகவும் வருவது சந்தை விலைக்கு நன்கொடையாகக் கணக்கிடப்படும். பிறருக்குக் கொடுக்கும் அதே விலையில் சிட்டை எழுதி வாங்கி, தேர்தல் கணக்கிலிருந்து காசோலை கொடுப்பதே பாதுகாப்பு. அந்த நண்பர் விரும்பினால் தம் சொந்தக் கணக்கிலிருந்து தனிமனிதராக நன்கொடை தரலாம். சம்பளம் வாங்காமல் கதவு தட்டும் தொண்டரின் நேரத்துக்கு மட்டும் கணக்கு எழுத வேண்டியதில்லை. நிதி சேர்க்கும் இராப்போசனம் வைத்தால் ரிக்கற்றின் முழு விலையும் நன்கொடையே. ஒரு மேசையை ஒருவர் பெயரில் வாங்கிப் பத்துப் பேரை அமர்த்தும் நம் வழக்கத்தில் அவர் 1,200 டொலரைத் தாண்டிவிடுவது மிகச் சுலபம். மாகாண, மத்திய கட்சிகளுக்குக் கொடுத்தால் கிடைப்பது போன்ற வருமான வரிச் சலுகை இதற்கு இல்லை. ரொறன்ரோ நகரசபை வேட்பாளருக்குக் கொடுப்போர் பெறும் மீளளிப்பும் கல்விச் சபை வேட்பாளருக்குக் கொடுப்போருக்குக் கிடையாது. கேட்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆகவே கணக்கு எழுத நம்பிக்கையான ஒருவரை முதலில் தேடுங்கள், மேடையில் பேசுபவரைப் பிறகு தேடலாம். நன்கொடை வந்த அன்றே பற்றுச்சீட்டு எழுதி, கொடுத்தவரின் முழுப் பெயரையும் வீட்டு முகவரியையும் குறித்து, வங்கி வைப்புச் சீட்டோடு சேர்த்துக் கோப்பில் வைக்கும் பழக்கம் உள்ளவர் வேண்டும். கூட்டுக் கணக்கிலிருந்து வரும் காசோலையில் கையொப்பமிட்டது கணவரா மனைவியா என்று பார்த்து அவர் பெயரில் மட்டும் எழுதத் தெரிந்தவராகவும் அவர் இருக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் மன்றத்தில் நீங்கள் வகிக்கும் இடத்தையும் அதன் மின்னஞ்சல் பட்டியலையும் பாடசாலை வளாகத்தையும் பரப்புரைக்குப் பயன்படுத்தாதீர்கள். அந்தப் பட்டியல் வேறு நோக்கத்துக்காகப் பெற்றோர் நம்பித் தந்தது. அடுத்தது, உங்கள் கணவரோ பெற்றோரோ பிள்ளையோ சபையில் ஆசிரியராக வேலை செய்தால், அவர்களுடைய பண நலன் சட்டத்தின் பார்வையில் உங்கள் நலனாகவே கொள்ளப்படும். அது தொடர்பான விவாதம் வரும்போது வெளிப்படையாக அறிவித்துவிட்டு வாக்களிக்காமல் ஒதுங்க வேண்டும். ஆசிரியர் குடும்பங்கள் நிறைந்த நம்மிடையே இது அடிக்கடி எழும்.

இந்தப் பதவியை மேலே ஏறும் படியாக எடுத்துக்கொள்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் வாக்காளர் உங்களிடம் கேட்பார்கள். யோர்க் சபையில் 2010 முதல் உறுப்பினராக இருந்த யுவனிற்றா நாதன் 2022-இல் மார்க்கம் நகரசபைக்கும் 2025-இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். 2014-இல் ரொறன்ரோ சபைக்குத் தெரிவான பார்த்தி கந்தவேள் 2023 இடைத்தேர்தலில் நகரசபைக்குப் போனார். அதில் தவறொன்றும் இல்லை. கல்விச் சபையில் வரவு செலவுத் திட்டத்தை வாசிக்கக் கற்றவர் எங்கு போனாலும் பயன்படுவார். இருந்தாலும் நான்கு ஆண்டுகளையும் முழுதாகப் பாடசாலைகளுக்கே கொடுப்பேன் என்று உங்களால் மனதாரச் சொல்ல முடியுமானால் சொல்லுங்கள். பெற்றோர் மிகவும் விரும்பிக் கேட்கும் வாக்கு அது. புதிய சபையின் பதவிக்காலம் நவம்பர் 15-இல் தொடங்குவதால், வென்றவருக்கு ஆறுதலாக இருந்து பழகிக்கொள்ள மூன்று வாரங்கள்தான் கிடைக்கும்.

வென்றாலும் தோற்றாலும் வேலை ஒக்டோபரோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கணக்கறிக்கையைக் கிளார்க்கிடம் ஒப்படைக்க வேண்டும். வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டியிருந்தால் கணக்காய்வாளரின் சான்றும் வேண்டும். ஒரு டொலரும் வாங்காத, செலவிடாத வேட்பாளருக்கும் இந்தக் கடமை உண்டு. தவறினால் 500 டொலர் கட்டி முப்பது நாள் சலுகை பெறலாம். அதையும் தவறவிட்டால் வென்றவர் பதவியை இழப்பார், வென்றவரும் தோற்றவரும் அடுத்த பொதுத் தேர்தல் முடியும்வரை போட்டியிட முடியாது. முதல் முறை சில நூறு வாக்குகளில் தோற்ற ஒருவர், தொகுதியில் பெயர் அறியப்பட்ட நிலையில் மறுபடி நிற்பதற்கான உரிமையை ஒரு படிவத்தால் இழந்துவிடக் கூடாது. மிஞ்சிய பணம் உங்களுக்குச் சொந்தமில்லை. நீங்கள் உங்களுக்கே கொடுத்த நன்கொடையை எடுத்துக்கொண்ட பின் எஞ்சுவதைக் கிளார்க்கிடம் செலுத்த வேண்டும், இறுதியில் அது கல்விச் சபைக்கே போய்ச் சேரும்.